கப்பலேறும் சொல்லும் கரையிலிருக்கும் விகுதியும்



திருகோணமலைத் துறைமுகத்திலே சரக்கோடு சொற்களும் இறங்கின. 1624இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை அமைத்தனர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டையின் கொடிகள் மாறின. ஆயினும் போர்த்துக்கேயர் வழி வந்த சாவியும் மேசையும், ஒல்லாந்தர் வழி வந்த கந்தோரும் ஈழத்தமிழர் நாவில் நிலைத்துவிட்டன. அச்சொற்களோடு அவற்றின் இலக்கணம் வரவில்லை. 'சாவியால் திறந்தான்', 'கந்தோருக்குப் போனாள்' என்கிறோம். சொல் அயலது, உருபும் விகுதியும் நம்முடையன.

இவ்வுண்மை இன்று ஒரு புதிய தேவைக்குப் பயன்படுகின்றது. 2004ஆம் ஆண்டிலே தென்கொரியா வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வேலை அனுமதி முறையைத் தொடங்கியபோது, அதில் முதலிற் சேர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அம்முறையிற் செல்ல விரும்புவோர் கொரிய மொழித் தேர்வில் தேறவேண்டும். ஆகவே, ஒரு மொழியின் வினைமுடிபைக் கற்பது நம் இளைஞர் பலருக்குப் பிழைப்பின் வாசலாகிவிட்டது.

'அப்பா' என்னும் சொல் கொரிய மொழியிலும் உண்டு என்று கேட்டதும் தமிழ் மாணவன் மகிழ்கின்றான். இந்த ஒப்பீடு பழையது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். கொரியாவில் ஆசிரியராகப் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். எனினும், இவை ஒரு குடும்பத்தன என்பதை இன்றைய மொழியியலார் பொதுவாக ஏற்பதில்லை. அப்பா, அம்மா போன்ற மழலைச் சொற்கள் உறவில்லாத மொழிகளிலும் ஒத்து ஒலிப்பதுண்டு. வினை இறுதியில் நிற்பது ஜப்பானியத்திலும் துருக்கியத்திலும் உள்ள இயல்பே. உறவை நாட்ட ஒழுங்கான ஒலித்தொடர்புகள் வேண்டும், அவை நிறுவப்படவில்லை.

உறவு இல்லாவிடினும் ஒப்புமை உதவும். 'சோனுன் சிபே கம்னிதா' என்றால் 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பது பொருள். 'சிப்' என்பது வீடு. 'ஏ' என்பது நமது குவ்வுருபு போன்றது. சொற்கள் நிற்கும் முறையும் ஒன்றே. தமிழன் இங்கே தயங்க வேண்டியதில்லை.

தயங்கவேண்டிய இடம் வினையின் இறுதி. போனான், போனாள், போனேன் என நம் விகுதி திணையும் பாலும் இடமும் காட்டும். கொரிய விகுதி இவற்றைக் காட்டாது. கேட்பவர் யார் என்பதையே நோக்கும். தோழனிடம் 'கா' என்றும், மரியாதையாகக் 'காயோ' என்றும், சபையிலும் மேலாளரிடமும் 'கம்னிதா' என்றும் சொல்லவேண்டும். போகிறவரே உயர்ந்தவராயின் இடையிலே 'சி' புகுந்து 'காசிம்னிதா' ஆகும். நமது 'போகிறார்' என்பதிலுள்ள மதிப்பை இது ஒக்கும். விகுதி தவறினால் பொருள் சிதையாது, மரியாதை சிதைந்துவிடும்.

சில வேளைகளில் உயிரும் முடிபிலே தங்கியுள்ளது. 'காசேயோ' என்றால் 'போங்கள்'. 'காஜி மாசேயோ' என்றால் 'போகாதீர்கள்'. தொழிற்சாலையிலே இயந்திரத்தின் அருகில் நிற்பவன் முதலசையை மட்டும் கேட்டு நடந்தால் என்னவாகும்? தமிழிலும் 'போ', 'போகாதே' என்பவை இறுதியிலேதான் பிரிகின்றன. முடிவுவரை காத்திருந்து கேட்கும் பழக்கம் நமக்கு இயற்கையாகவே உண்டு. அதை அயல்மொழியிலும் கைவிடலாகாது.

சொல்வளத்துக்கும் துறைமுக வரலாறே வழிகாட்டும். கொரிய அகராதியின் பெரும்பகுதி சீன மொழியின் வழி வந்தது. 'கொங்பு' என்ற அத்தகைய சொல் படிப்பைக் குறிக்கும். அதனோடு 'செய்' என்னும் பொருளுடைய 'ஹாதா' சேர, 'கொங்புஹாதா' என்ற வினை பிறக்கின்றது. நாம் வடசொல்லோடு நம் வினையைக் கூட்டித் 'தியானம் செய்தான்' என்பதும் இம்முறையே. வந்த சொல் விருந்தினர், விகுதியே வீட்டுக்காரர்.

ஆதலால், கொரிய மொழி கற்கும் இளைஞர் நாளொன்றுக்கு நூறு சொற்களை உருப்போடுவதினும், ஒரே வினையை எல்லா முடிபுகளோடும் சொல்லிப் பழகுவது நன்று. அந்த ஒரு வினை கைவந்தால், பின்வரும் சொற்கள் தாமே வந்து அதிலே பொருந்தும்.