அக்கரையில் வீடு, இக்கரையில் கடை: கரையோர முஸ்லிம் குடும்பங்களும் குடிவரவுச் சட்டங்களும்

சென்ற ஷஃபான் மாதம், பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி முகத்துவாரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "டீச்சர், பேச்சு முடிஞ்சிட்டு. மாப்புள காயல்பட்டினம். நான் அங்க போய் இருக்கிறதா, அவர் இங்க வந்து இருக்கிறதா எண்டுதான் இப்ப வீட்டுல பிரச்சினை. விசாவுக்கு எது லேசு?" என்று கேட்டாள்.

தமிழ் டீச்சரிடம் கேட்கும் கேள்வியல்ல இது. ஆனாலும் அவள் சரியான வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். இதே கேள்விக்கு விடை தேடி ஒரு மனிதர் பதினெட்டு வருடம் அலைந்த கடதாசிகள் எங்கள் வீட்டு மேல்தட்டில் ஒரு தகரப்பெட்டிக்குள் கிடக்கின்றன.

அவர் எங்கள் அப்பாவின், அதாவது உம்மாவுடைய வாப்பாவின், வியாபாரக் கூட்டாளி. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இருவருக்கும் ஒரு துணிக்கடை இருந்தது. வீட்டில் அவரைக் 'காயல் காக்கா' என்றே சொல்வார்கள். 1926இல் பதினான்கு வயதுப் பையனாக எடுபிடி வேலைக்குக் கொழும்பு வந்தவர். 1934இல் ஊருக்குப் போய் நிக்காஹ் முடித்தார். மூன்று மாதம் மனைவியோடு இருந்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். அதன்பின் இரண்டு வருடத்துக்கொரு தடவை ஊர்ப்பயணம். நான்கு பிள்ளைகளும் காயலில் பிறந்து காயலில் வளர்ந்தவர்கள்.

இன்றைய கண்ணுக்கு இது பிரிவுத் துயரமாகத் தெரியலாம். அன்று இது வழமை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களின் ஆண்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய்ச் சம்பாதித்தார்கள். அவர்களுக்குச் 'சபராளி' என்று பெயர். சபர் என்றால் பயணம். பயணத்தையே தொழிலாகக் கொண்டவன் சபராளி. கொழும்பில் அவர்களைச் 'சம்மாங்காரர்' என்றார்கள். சம்பான் என்ற படகின் பெயரிலிருந்து வந்த சொல் என்பர். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமான புறக்கோட்டை ஜாமிஉல் அல்ஃபார் பள்ளியைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்று நாம் இன்றும் சொல்வது அவர்களால்தான்.

மனைவியைக் கொழும்புக்குக் கூட்டிவராததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. காயலில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நம் காத்தான்குடியிலும் கல்முனையிலும் இதே வழக்கம் இருப்பதை வாசகர்கள் அறிவர். ஆகவே புருஷன் எங்கு போனாலும் மனைவியின் வீடு அசைவதில்லை. அவன்தான் போய்வருபவன். அந்த வாழ்க்கையில் 'குடும்பம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் கடலின் இரண்டு பக்கமும் என்பதே சரியான பதிலாகும்.

அந்தப் பதிலை எழுதுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமிருக்கவில்லை.

1949 நவம்பர் முதலாம் திகதிவரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே போய்வரக் கடவுச்சீட்டு, விசா என்ற பேச்சே இருக்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் ரயிலும் கப்பலும் இணைந்த 'போட் மெயில்' பயணம் இன்னும் இலகுவாயிற்று. எங்கள் அப்பா சொல்வாராம், காக்கா ஊருக்குப் போவதென்றால் கொண்டுபோவது ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு டிக்கட் மாத்திரம் என்று. அந்த நவம்பரில் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இருபத்துமூன்று வருடமாக இங்கே கடையில் நின்ற மனிதர் திடீரென்று அனுமதிபெற்று இருக்கவேண்டிய அந்நியரானார்.

அதற்கும் முன்னே, 1948 நவம்பர் 15இல் அமுலுக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம் தகப்பனின் வழியையே கேட்டது. அதில் இடம் கிடைக்காதவர்களுக்கென்று 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. மலையகத் தோட்டத் தொழிலாளரை வைத்தே இந்தச் சட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. அதுவே நியாயமும் ஆகும், ஏனெனில் பெருந்துயரம் அவர்களுடையது. ஆனால் இதே சட்டம் புறக்கோட்டைக் கடைக்காரரை எப்படிப் பிடித்தது என்பதை நம்மவர்களே போதிய அளவு எழுதவில்லை.

சட்டத்தின் முதல் நிபந்தனை விளங்கக்கூடியது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் விவாகமானவர் தொடர்ச்சியாக ஏழு வருடமும், விவாகமாகாதவர் பத்து வருடமும் இங்கே வசித்திருக்கவேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். இதிலேயே பலர் மாட்டிக்கொண்டனர். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டபோது ஊருக்கு ஓடிய இந்தியர் அநேகர். உயிருக்குப் பயந்து ஓடியவன் பன்னிரண்டு மாதக் கணக்கா பார்த்திருப்பான்? காயல் காக்கா எட்டு மாதத்தில் திரும்பிவிட்டார். கடையில் சரக்கு கிடந்ததே, அதனால்தான்.

அவரை வீழ்த்தியது மற்றொரு நிபந்தனை. விண்ணப்பிப்பவர் விவாகமான ஆணாக இருந்தால், அவருடைய மனைவி திருமணமாகி ஒரு வருடம் நிறைவதற்குள் இலங்கைக்கு வந்து அன்றிலிருந்து தொடர்ச்சியாக இங்கேயே வசித்திருக்கவேண்டும். அவரில் தங்கியுள்ள சிறுபிள்ளைகளும் அவ்வாறே, பிறந்து ஒரு வருடத்துக்குள்ளிருந்து. இந்த வாசகத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு மனிதன் இந்த மண்ணுக்குரியவனா என்பதற்கு அவனுடைய உழைப்பு சாட்சியில்லை, அவன் கட்டிய வரி சாட்சியில்லை, அவனுடைய பெண்சாதி எந்த வீட்டில் அடுப்பு மூட்டினாள் என்பதே சாட்சி.

விண்ணப்ப முடிவுத் திகதி 1951 ஆகஸ்ட் 5. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பங்களில் ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கடைசியில் பிரசாவுரிமை கிடைத்தது. காக்காவின் விண்ணப்பப் பிரதி பெட்டியில் இருக்கிறது. மனைவியின் வதிவிடம் என்ற இடத்தில் காயல்பட்டினம் என்று உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். கூட இருந்தவர்கள் வேறு மாதிரி எழுதச் சொன்னார்களாம், ஒரு பொய் முகவரி கொடுக்கவும் ஆளிருந்ததாம். "பொஞ்சாதிய எங்க வச்சிருக்கேங்கிறதுல பொய் சொல்லவா?" என்று கேட்டாராம். மறுப்புக் கடிதம் 1955இல் வந்தது. நான்கு வரி.

அதே பெட்டியில் மனைவியின் கடிதங்கள் அறுபத்திரண்டு இருக்கின்றன. எல்லாம் அரபுத்தமிழ். தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவள் என்று பெயர். ஒரு வரி வாசிக்க முடியவில்லை எனக்கு! நம் பெண்கள் மதரஸாவில் கற்ற எழுத்தை வைத்தே வீட்டு நிருவாகம் முழுவதையும் கடல் தாண்டி நடத்தினார்கள் என்பதை எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் வயதான ஹஸ்ரத் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துச் சொன்னார். கூரை ஒழுகுவது, மூத்தவனின் சுன்னத்துச் செலவு, காணியெல்லைத் தகராறு, மணியோடர் வந்து சேராதது. சில இடங்களில் ஹஸ்ரத் வாசிப்பதை நிறுத்தி, "இது அவங்க ரெண்டு பேருக்கும் உள்ளது" என்று தாளைத் திருப்பிவிடுவார். நான் வற்புறுத்தவில்லை.

மறுப்புக்குப்பின் காக்காவுக்கு இருந்தது தற்காலிக வதிவிட அனுமதி மட்டுமே. கடைக்காரர் வாயில் அது 'டீஆர்பி'. காலம் முடிய முன் புதுப்பிக்கவேண்டும்; புதுப்பிப்பார்களா என்பது ஒவ்வொரு தடவையும் நெஞ்சிடி. வியாபாரத்தையும் உத்தியோகத்தையும் உள்நாட்டவர் கைக்குக் கொண்டுவரும் கொள்கை இறுகிவந்த காலம் அது. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்பின் வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்கும் அனுமதி தேவைப்பட்டது. இதற்கிடையில் 'கள்ளத்தோணி' என்ற சொல் தெருவில் வசையாயிற்று. கடிதம் கடதாசியோடு போட் மெயிலில் வந்தவரையும் அதே சொல்லால்தான் ஏசினார்கள். என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லைப் பாவித்தால் பாடத்தை நிறுத்திவிடுவேன்.

அந்த மனைவி ஒரேயொரு தடவை கொழும்புக்கு வந்தார். 1957இல், ஒரு மாத விசாவில். எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். களனி கங்கை கடலில் விழுகிற இடத்தைப் பார்க்க அவரை உம்மம்மா கூட்டிப்போனாராம். விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போதே புறப்பட்டுவிட்டார். ஒரு நாள் பிந்தினாலும் புருஷனின் டீஆர்பிக்குக் கேடு வருமென்று பயம்.

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே வருடம் டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. காக்கா 1967இல் கடையின் தன் பங்கை அப்பாவிடம் எழுதிக்கொடுத்துவிட்டு ராமேஸ்வரம் கப்பலில் ஊர் போனார். பெட்டியைப் பிறகு எடுக்கிறேன் என்றார். நாற்பத்தொரு வருடம் கொழும்பில் இருந்தவர். 1971இல் காயலில் வஃபாத்தானார்.

பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இரண்டு நாட்டுச் சட்டங்களும் அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் நெடுங்காலம் அவற்றின் அடியில் இருந்த எண்ணம் ஒன்றே: மனைவி புருஷனின் பின்னால் போவாள். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் இந்தியரை மணந்த பெண்களுக்கே பதிவு வழியைத் திறந்தது. இந்தியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அல்ல. இங்கேயும் வெளிநாட்டு மனைவிக்கு ஒரு நடைமுறை, வெளிநாட்டுக் கணவனுக்கு அதைவிடக் கடினமான நடைமுறை என்றிருந்தது. 1990களின் கடைசியில் வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனபின்பே அது திருத்தப்பட்டது. வெளிநாட்டவருக்கு வாழ்க்கைப்பட்ட இலங்கைப் பெண் தன் பிள்ளைக்குத் தன் பிரசாவுரிமையைக் கொடுக்க முடிந்தது 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின்புதான். ஐம்பத்தைந்து வருடம்! மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகும் ஊர்களின் வழக்கத்துக்கு நேர் எதிர்த்திசையில் இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டிருந்தன என்பதை நம் சமூக வரலாற்றை எழுதுவோர் கவனிக்கவேண்டும்.

அவளிடம் இன்றைய நிலையைச் சொன்னேன். அவள் காயலுக்குப் போவதானால் இந்தியரின் மனைவி என்ற வகையில் நுழைவு விசா எடுக்கலாம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவென்றால் போய் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். பதிவு செய்த திருமணம் இரண்டு வருடம் நிலைத்தபின் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது ஆயுள்கால விசா போன்றது, வாக்குரிமை தராது. இந்தியக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஏழு வருட வதிவிடம் வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டை விடவேண்டி வரும். அவர் இங்கே வருவதானால் இலங்கையரின் துணைவர் என்ற வதிவிட விசா உண்டு. விண்ணப்பத்துக்கு முன் ஒரு வருடம் தொடர்ந்து வசித்திருந்தால் பிரசாவுரிமைப் பதிவுக்கும் கேட்கலாம். கிடைத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

"நிக்காஹ் எங்க வைக்கிற டீச்சர்?" என்றாள்.

அது பெரிய கேள்வி. நம் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி பதியவில்லை என்ற காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லாமற் போகாது. மார்க்கப்படி அது போதும். விசா அதிகாரிக்குப் போதாது. அவருக்கு அத்தாட்சிப்பத்திரம் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தை 90 நாளுக்குள் பதியவேண்டும், பள்ளிவாசல் புத்தகத்தில் எழுதியது தனியே போதாது. இங்கே வைப்பதென்றால், வெளிநாட்டவரை மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் தடைநீக்கம் வேண்டுமென்று பதிவாளர் நாயகம் 2021இல் சுற்றறிக்கை விட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறை என்று சொன்னதும் எவ்வளவு சர்ச்சை எழுந்தது! சட்டம் மாறப் பாராளுமன்றம் கூடவேண்டும், சுற்றறிக்கை மாற ஒரு கையெழுத்துப் போதும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் பதிவாளரிடம் நேரில் போய்க் கேள் என்றேன்.

கப்பல் இல்லையா என்றும் கேட்டாள். 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய கப்பல் அந்த வருடம் நவம்பரிலேயே நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கியது நாகப்பட்டினம் - காங்கேசன்துறை. முகத்துவாரத்துப் பெண் காயலுக்குப் போகக் காங்கேசன்துறை சுற்றுவழி.

போகும்போது அவளுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் பாத்திமா 'எஃப்'இல் தொடங்குகிறது, மற்றதில் 'பி'இல். மாப்பிள்ளையின் கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கிறதாம். இவளுக்கோ வாப்பாவின் பெயர் முழுதாகப் பின்னால். முதலில் இதைச் சரிசெய் என்றேன். அடுத்த கிழமை கச்சேரிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். தகரப்பெட்டியிலுள்ள விண்ணப்பத்தின் ஒரு பிரதியையும் கேட்டாள், மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டவாம். எடுத்துக்கொடுத்தேன்.