மலையடிவாரத்து வேகம்

குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்துத்தான் திருப்புவார். வேகத்துக்கு இடமில்லாத மலை அது. வேகத்தின் கதை அடிவாரம் தாண்டி, கோயம்புத்தூர்ல இருக்கு.

அமெரிக்காவின் மண் தடங்களில் சீறும் ஸ்பிரிண்ட் காருக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. இன்னொரு வண்டி பின்னாலிருந்து தள்ளினால்தான் எஞ்சின் உயிர்பெறும். ஓடத் தேவையில்லாததையெல்லாம் கழற்றிப்போட்ட வண்டி. நம்ம பக்கத்தில் அந்தப் புத்தி கோவைக்காரர் கரிவரதனுக்கு இருந்தது.

அன்றைக்குப் பந்தயம் என்றால் சென்னைக்கு அருகே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். நல்ல கார் வாங்க முடிந்தவர்தான் முன்னால் போக முடியும். 1980களின் இறுதியில் கரிவரதன், ஊரே ஓட்டிய மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். எல்லாருக்கும் ஒரே எஞ்சின்; அப்புறம் ஜெயிக்கிறது ஓட்டுறவன் கையில்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் தடத்துக்கு அவர் பெயர்தான்.

பர்லியாறு வளைவில் ஆக்சிலேட்டரை முறுக்கும் பையன்களே, வேகத்துக்குன்னு ஒரு இடம் இருக்கு. பொறுமையா மலையிறங்கி அங்க போங்க.