ஒரு பலகையில் இரு குரல்: கீபோர்டில் லேயரும் ஸ்ப்ளிட்டும் வளர்ந்த வரலாறு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில், வல்லம் வடகால் சிப்காட்டில், 2015 முதல் யமஹா மோட்டார் சைக்கிள் ஆலை இயங்கிவருகிறது. அங்கிருந்து வெளிவரும் வண்டியின் சின்னத்தைக் கூர்ந்து பார்த்தால் மூன்று இசைக்கவைகள் தெரியும். 1887-இல் ஜப்பானின் ஹமமாட்சுவில், ஒரு பள்ளியின் பழுதான ரீடு ஆர்கனைச் சரிசெய்து கொடுத்தவர் தொராகுசு யமஹா. மோட்டார் பிரிவு 1955-இல்தான் தனி நிறுவனமானது. இசைக்கருவி ஆலை தமிழ்நாட்டுக்கு வந்தது அதற்கெல்லாம் பின்னால், 2019-இல். அதுவும் இந்தத் தொழிற்பகுதிக்குள் அல்ல, கிழக்கே திருப்போரூர்ப் பக்கம். கீபோர்டும் கித்தாரும் அங்கே தயாராகின்றன.

அந்தக் கீபோர்டுகளில் இரண்டு வசதிகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு ஒலிகள் சேர்ந்து வருவது ஒன்று. பலகையை ஓரிடத்தில் வெட்டி, இடப்பக்கம் ஓர் ஒலியும் வலப்பக்கம் வேறோர் ஒலியும் வைப்பது மற்றொன்று. மேடைக்காரர்கள் முன்னதை லேயர் என்றும் பின்னதை ஸ்ப்ளிட் என்றும் சொல்வார்கள். இரண்டும் சிந்தசைசரோடு பிறந்தவை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுமே காற்றுக் கருவிகளின் காலத்தவை. தமிழ்நாட்டில் அவற்றின் போக்கைத் தீர்மானித்ததும் மின்னணுவியல் அல்ல. வாசிப்பவரின் இடக்கை எந்த வேலையில் இருந்தது என்பதே. இதுதான் இக்கட்டுரையின் வாதம்.

தேவாலய ஆர்கனில் ஸ்டாப் என்ற குமிழ் ஒன்றை இழுத்தால் ஒரு குழல் வரிசை திறக்கும். இரண்டை இழுத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். லேயர் என்பது அவ்வளவுதான். ஸ்பெயினின் ஆர்கன்களில் ஸ்டாப்பையே பலகையின் நடுவில் இரண்டாக வெட்டியிருந்தார்கள். அப்படிப் பிரிந்த பலகைக்கென்றே எழுதிய உருப்படிகள் கொர்ரேயா தே அராவுக்ஸோ 1626-இல் வெளியிட்ட நூலில் உள்ளன. பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியமும் இந்தப் பிரிப்பை ஏற்றுக்கொண்டது. காலால் துருத்தியை மிதிக்கும் கருவி என்பதால் இரு கைகளும் கட்டையின் மேல் இருந்தன. இடக்கைக்கு ஒரு குரல், வலக்கைக்கு ஒரு குரல் என்று பிரிப்பதில் பொருள் இருந்தது.

கருவி இந்தியாவுக்கு வந்ததும் இந்தப் பிரிப்பு உதிர்ந்துவிட்டது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-ஐ ஒட்டி உருவாக்கிய கைப்பெட்டியில் துருத்தி பின்புறம் போனது, இடக்கை அதோடு போனது. வலக்கை மட்டுமே வாசிக்கும் கருவியில் பலகையை இரண்டாக வெட்டி என்ன பயன்? மாறாக அடுக்கு, அதாவது லேயர், செழித்தது. கீழ்ஸ்தாயி ரீடும் நடுஸ்தாயி ரீடும் ஒருங்கே ஒலித்தன. ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயிக் கட்டையும் தானே இறங்கும் கப்ளர் வந்தது. இல்லாத இடக்கைக்கு அது ஈடு. தமிழ் நாடக மேடையில் மிதி ஆர்மோனியமும் இருந்தது. அங்கே மட்டும் இரு கைகளும் தப்பின. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்திருந்தபோதும், மேடையில் அதன் செல்வாக்கு குறையவில்லை.

மின்னணுக் கருவிகளில் லேயர் வேறொரு கணக்கானது. 1981-இல் வந்த ரோலண்ட் ஜூபிட்டர்-8 ஒரே நேரத்தில் 8 சுரங்களை ஒலிக்கும். லேயர் போட்டால் ஒவ்வொரு கட்டையும் இரண்டு குரல்களைத் தின்னும், ஆகவே மிஞ்சுவது 4 சுரம். ஐந்தாவது விரல் வைத்தால் ஏற்கெனவே ஒலிக்கும் ஒன்று அறுந்துபோகும். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் 16 குரல்கள் இருந்தும் ஒரு நேரத்தில் ஓர் ஒலிதான் எடுக்க முடிந்தது. ஆனால் அதே ஆண்டு மிடி வந்தது; ஒரு கீபோர்டின் கட்டையால் இன்னொன்றையும் ஒலிக்கவைத்து, வெளியிலேயே அடுக்கிக்கொண்டார்கள். 1988-இன் கோர்க் எம்1, காம்பினேஷன் என்ற பெயரில் லேயரையும் ஸ்ப்ளிட்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது.

தமிழ்த் திரையிசையில் அடுக்குக்குத்தான் முதலிடம். இளையராஜாவின் குழுவில் விஜி மேனுவல் கீபோர்டு வாசித்தார், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆன இளைஞர் திலீப்பும் அங்கே இருந்தார். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு யமஹா சிஎக்ஸ்5எம் இசைக் கணினி பயன்பட்டது. 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது, ஒரு வரிக்குள் பல ஒலிகளைப் பூசும் முறை கோடம்பாக்கத்தில் வேரூன்றத் தொடங்கியது. ஸ்டுடியோவில் ஒவ்வொரு குரலையும் தனித்தனி ட்ராக்கில் பதியலாம். எனவே ஸ்ப்ளிட்டுக்கு அங்கே அவசியமே எழவில்லை.

அவசியம் மேடைக்கு. ஸ்டுடியோவில் பத்து வயலின் வாசித்த இடையிசையை ஊர்த் திருவிழாவிலும், ஆயுத பூஜைக்குக் கச்சேரி வைக்கும் ஆலை வளாகத்திலும் ஒருவரே கொடுக்க வேண்டும். இடக்கையில் ஸ்ட்ரிங்ஸ், வலக்கையில் புல்லாங்குழல். துருத்தியிலிருந்து விடுபட்ட இடக்கைக்கு வேலை கிடைத்தது. மெல்லிசைக் குழுவில் சிலருக்கு வேலை போனது. கீபோர்டின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இரண்டாவது பகுதியைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள்.

பலகையை எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு சிக்கல். 61 கட்டை கொண்ட யமஹா பிஎஸ்ஆர் வகைக் கருவிகள் பலவற்றில் ஆலையிலேயே வைத்து அனுப்பும் வெட்டு மிடி எண் 54-இல், நாலரைக் கட்டையில் விழுகிறது. இடப்பக்கம் 19, வலப்பக்கம் 42. பாடுபவர் ஐந்து கட்டை சுருதி என்றால், இடப்பகுதி காகலி நிஷாதத்தோடு முடிந்துவிடும். மேல் சட்ஜம் ஒரு கட்டை தள்ளி வேறு ஒலிக்குள் போய்விடும். அனுபவப்பட்டவர் பாட்டுக்கு முன்பே வெட்டை நகர்த்துவார், அல்லது ட்ரான்ஸ்போஸ் போடுவார். ரிதம் ஓடும்போது கருவி கார்டை அறிவதும் அந்த இடப்பகுதியில்தான் என்பதால், வெட்டை மனம்போல நகர்த்தவும் முடியாது.

கர்நாடக இசையில் கதை மறுபடி துருத்திக்குத் திரும்புகிறது. கீபோர்டில் முழுக் கச்சேரி செய்யும் கே. சத்தியநாராயணன் போன்றவர்களுக்குக் கமகம் கிடைப்பது சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டால். பெரும்பாலான கீபோர்டுகளில் அது பலகையின் இடது ஓரத்தில் இருக்கிறது. ஆகவே இடக்கை அங்கே கட்டுப்பட்டுவிடுகிறது. ஸ்ப்ளிட்டுக்குக் கை இல்லை. இடப்பகுதியில் தம்பூரா ஒலியைப் பிடித்து நிறுத்திவைத்தாலும் தொல்லை தீராது. மிடியில் பிட்ச் பெண்ட் சேனலுக்குச் சேனல் வேலை செய்வது. இரு பகுதிகளுக்கும் தனிச் சேனல் இல்லாவிட்டால், காந்தாரத்தை அசைக்கும்போது சுருதியும் சேர்ந்து அசையும். லேயரிலும் எச்சரிக்கை தேவை: இரண்டு ஒலிகளுக்கும் வளையும் எல்லை ஒன்றாக இல்லையென்றால், கமகத்தின் உச்சியில் அவை பிரிந்து அபசுரமாகும். அந்த மேடையில் ஒற்றை வீணை ஒலி நிலைத்ததற்கு மரபுப்பற்றை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது.

இந்தியச் சந்தைக்கென்று யமஹா வெளியிட்ட பிஎஸ்ஆர்-ஐ500 இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அதிலுள்ள ரியாஸ் வசதியில் தம்பூராவும் தபலாவும் தாமாகவே ஓடும். சுருதி பலகையை விட்டு வெளியேறியதும் இடக்கைக்குக் கமகம் மட்டுமே பொறுப்பு. என் மதிப்பீட்டில், லேயரையும் ஸ்ப்ளிட்டையும்விட இங்குள்ள வாசிப்பு முறையை நன்கு உணர்ந்து செய்த வசதி இதுதான்.

ஆலைகளின் வரலாறு அரசாணைகளிலும் ஆண்டறிக்கைகளிலும் பதிவாகிவிடுகிறது. மேடைக்காரர்கள் பாட்டுக்குப் பாட்டு அமைத்த லேயர், ஸ்ப்ளிட் கணக்குகளோ பழைய ஃப்ளாப்பிகளிலும் நோட்டுப் புத்தகங்களிலும் கிடக்கின்றன. வைத்திருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அவற்றையும் சேகரிக்க முன்வர வேண்டும்.