வெயிலுக்கு நின்ற பூக்கள்: நாவுலப் பூப்பாத்தியின் வரலாறு

பாடசாலை ஒன்றின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பதிவு செய்வது வழக்கம். அவை இம்மலரின் ஏனைய பக்கங்களில் இடம்பெறுகின்றன. நாம் எடுத்துக்கொண்டது முன்வாசற் பூப்பாத்தியின் வரலாறு.

நாவுல, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ-9 வீதியில் உள்ள ஊர். தெற்கே ஈரமான மலைகள். வடக்கே வரண்ட சமவெளி. ஐப்பசி முதல் தை வரை மாரிமழை பெய்யும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை கொஞ்சம் கிடைக்கும். வைகாசி கழிந்தபின் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்கு மலைகளில் கொட்டிவிட்டு, எமக்குக் காய்ந்த காற்றையே அனுப்பும். புரட்டாதி வரை கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போகும். வாளிகளை எண்ணி நீர் அள்ளும் அந்த மாதங்களில் ரோசாச் செடிக்கு வார்க்க யாரிடம் தண்ணீர் இருந்தது? அப்போதும் பூத்து நின்றவை செவ்வந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சீனியா, கொஸ்மொஸ், பத்துமணிப் பூ, நித்தியகல்யாணி ஆகியவையே.

இவற்றுட் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. சிங்களச் சகோதரியர் தாஸ்பெத்தியா என்று அழைக்கும் நமது மாலைச் செவ்வந்தியின் தாயகம் மெக்சிக்கோ. சீனியாவும் கொஸ்மொஸும் அந்நாட்டவையே. 1759இல் காலமான ஜெர்மானிய மருத்துவப் பேராசிரியர் சின் என்பவரின் பெயரைச் சீனியா தாங்கியுள்ளது. கொஸ்மொஸுக்கு 1791இல் பெயரிட்டவர் ஸ்பானியத் தாவரவியலாளர் கவனில்லெஸ். பத்துமணிப் பூ தென் அமெரிக்காவிலிருந்தும் நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்தும் வந்தவை. வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். ஆயினும் 1678 முதல் 1693 வரை அம்ஸ்டர்டாமில் வெளியான மலபார்த் தாவர நூலில் அது வாடாப்பூ என்ற பெயருடன் இடம்பெற்றுவிட்டது. வந்த செடிக்கு நம் மக்கள் தம் மொழியிலேயே பெயரிட்டு, அதைக் கோயில் மாலையிலும் கோத்துக்கொண்டனர்.

எம்முள் பலரது முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாகத் தம்புள்ளை வந்து, நாவுல வழியாக மாத்தளைக்கு நடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் ஏராளம். மாத்தளைக்கு இரயில் வந்ததே 1880இல்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு பாடசாலைத் தோட்டங்களை ஊக்குவிக்கத் தொடங்கியது. 1912இல் விவசாயத் திணைக்களம் அமைந்தது. தோட்டவேலை பாடநேரத்துக்குள் வந்தது அவ்வாறுதான்.

எமது காலத்தில் பங்குனி மழையோடு விதைப்பு நடக்கும். வெயில் ஏறுமுன் வேர் ஆழ இறங்கவேண்டும் என்பதே அதன் கணக்கு. கோழிக்கொண்டையின் பொடி விதையை, கீரை விதையைப் போலவே, மணலுடன் கலந்து தூவுவோம். பத்துமணிப் பூ விதைக்கு வெளிச்சம் வேண்டும். அதை மண்ணால் மூடுவதில்லை. சீனியா ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்த பின் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதை விட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக வார்ப்போம். மேலாக நனைத்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். பத்துமணிப் பூ தடித்த இலையில் நீரைச் சேமிக்கும்; வரட்சியில் பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறந்து காற்றை உள்வாங்கும். வாடாமல்லியில் நாம் காணும் நிறம் இதழினுடையதன்று. காகிதம் போன்ற பூவடிச் செதில்களினுடையது. காய்ந்தாலும் அது மங்காதிருப்பது அதனால்தான்.

விதை எடுத்துவைப்பதும் மாணவியர் பொறுப்பே. நன்றாக வரட்சி தாங்கிய செடியின் முதற் பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு, உதிர்த்து, நிழலில் உலர்த்தி, சாம்பலுடன் போத்தலில் அடைப்போம். ஆண்டுதோறும் தாங்கியவற்றிலிருந்தே எடுத்ததால், அந்த விதை எம் மண்ணுக்கும் வெயிலுக்கும் மெல்ல மெல்லப் பழகியது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் வகுப்புப் பதிவேட்டில் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. தலைமன்னாரில் கப்பலேறிய தோழியர் சிலர் சீலைத் துண்டில் வாடாமல்லி விதையை முடிந்து கொண்டுபோயினர். பிற்காலத்தில் போர் எம்முள் வேறு சிலரை இன்னும் தூரம் கொண்டுசென்றது. பெட்டியின் எடையைக் கூட்டாத சொத்து விதை ஒன்றே.

இன்று கடையில் கிடைக்கும் பல பூ விதைகள் முதல் தலைமுறைக் கலப்பினங்கள். பொதியில் உள்ள படத்தைப் போலவே பூக்கும். ஆனால் அவற்றிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வருவதில்லை. சில செவ்வந்திக் கலப்பினங்கள் விதையே கட்டுவதில்லை. ஆண்டுதோறும் வாங்கினால்தான் பாத்தி. 1851இல் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட காட்டுச் சூரியகாந்தி, எவர் கையும் படாமல் மலைநாட்டுச் சாலையோரமெங்கும் தானே பரவிவிட்டது. வாடாமல்லிக்கும் சீனியாவுக்கும் அந்த வலிமை இல்லை. நான்கைந்து ஆண்டுகள் ஒருவரும் எடுத்துவைக்காவிட்டால், போத்தலில் கிடக்கும் விதையும் முளைக்கும் திறனை இழந்துவிடும். நூறாண்டுச் சங்கத்திலும் இந்தக் கைமாற்றம் ஒரு தலைமுறையில் அறுந்துபோகக்கூடியதே.

ஆகவே பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். சென்னையிலோ ரொரன்ரோவிலோ மாத்தளையிலோ, எம் பாத்தியிலிருந்து போன விதையின் வழிவந்த செடி உங்கள் வீட்டில் நின்றால், வரும் பருவத்தில் அதன் முதற் பூக்களைக் காயவிடுங்கள். பாதியை உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். மீதியை, வெளிநாட்டில் இருப்போர் தாவர விதைகளுக்குரிய அனுமதி பெற்று, பாடசாலைக்கு அனுப்புங்கள். பங்குனி மழைக்கு முன் கிடைத்தால் நல்லது.