கிடாரில் ஒரு கமகம்

பங்குனியில் நம்பெருமாள் ஜீயபுரம் எழுந்தருளும்போது நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு ராக் என்றாலே இரைச்சல். எனக்கும் அப்படித்தான், ‘மதர்ஜேன்’ கேட்கும்வரை. கொச்சி ராக் குழு. 2008-ல் வந்த அவர்களுடைய ‘மக்தூப்’ ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் எலெக்ட்ரிக் கிடார், கர்நாடக சங்கீதக் கமகங்களோடு குழைகிறது.

ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போக வராது என்பதும் ஒரு காரணமாகத்தான் 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியது. முப்பது வருஷ வனவாசம்! கிடார் தப்பித்துவிடுகிறது. வீணை மாதிரியே மெட்டுகள் பதித்த வாத்தியம். தந்தியை இழுக்கலாம், சறுக்கலாம். ராக்கர்கள் இழுப்பதை ‘பெண்டிங்’ என்பார்கள். நமக்கு அது கமகத்தில் ஒரு வகை.

2010-ல் பைஜு குழுவிலிருந்து விலகிவிட்டார். ஆல்பம் இருக்கிறது. ஜீயபுரம் மாமா ஒருவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன்.

“சத்தம் ஜாஸ்திடா” என்றார்.

ஆனால் கழற்றவில்லை.