ரன்தம்போரில் ஓர் அடைக்கலம்

கரவெட்டிக்குப் போயிருந்தேன். நண்பர் மாஸ்டர், கனடாவிலுள்ள பிள்ளைகளின் புண்ணியத்தில், இந்தியாவின் ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ சொகுசுப் புகையிரதத்தில் ஒரு கிழமை சுற்றிவிட்டு வந்திருந்தார். 1982இல் ஓடத் தொடங்கிய இந்த வண்டி டில்லியிலிருந்து ஜெய்ப்பூர், சவாய் மாதோபூர், சித்தோர்கட், ஜெய்சல்மேர் என்று ராஜஸ்தானத்துக் கோட்டைகளைத் தொட்டுத் திரும்புவது.

“ரன்தம்போர் காட்டிலை புலியைக் கண்டனான் நானா. மலையிலை கோட்டையும் தெரிஞ்சுது. அலாவுதீன் கில்ஜி அழிச்ச இந்துக் கோட்டை எண்டு வழிகாட்டி சொன்னவன்.”

சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

வழிகாட்டி சொன்னது பாதி வரலாறு. மீதியை நான் சொன்னேன்.

1299இல் குஜராத் படையெடுப்பு முடிந்து திரும்பும் வழியில், கொள்ளைப் பொருளின் பங்கு தொடர்பாகக் கில்ஜியின் படைக்குள் கலகம் மூண்டது. கலகக்காரர் இஸ்லாத்தைத் தழுவியிருந்த மங்கோலியர். அவர்களின் தலைவர்களில் ஒருவரான முகம்மது ஷா ரன்தம்போரில் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்கச் சொன்னபோது சௌகான் மன்னர் ஹம்மீரதேவர் மறுத்துவிட்டார். நீண்ட முற்றுகைக்குப் பின் 1301 ஜூலையில் கோட்டை வீழ்ந்தது, மன்னரும் மாண்டார்.

காயப்பட்டுக் கிடந்த முகம்மது ஷாவிடம், “உன்னைக் குணப்படுத்தினால் என்ன செய்வாய்?” என்று சுல்தான் கேட்டாராம். “உன்னைக் கொன்று ஹம்மீரரின் மகனை அரியணையில் ஏற்றுவேன்” என்பது பதில். யானையால் மிதிப்பித்துக் கொன்ற சுல்தான், பின்னர் அவரைக் கண்ணியமாக அடக்கம் செய்வித்ததாகப் பிற்கால வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். சுல்தானின் வெற்றியை அமீர் குஸ்ரு எழுதினார். ஹம்மீரரைச் சமணப் புலவர் நயசந்திர சூரி வடமொழியில் காவியமாக்கினார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னரின் ஞாபகம் வரும். மக்காவிலிருந்து புகலிடம் தேடி வந்த முஸ்லிம்களைக் குறைஷித் தூதரிடம் ஒப்படைக்க மறுத்த அவர் ஒரு கிறிஸ்தவர். அடைக்கலம் ஓர் அமானிதம். அதற்கு மதம் பார்ப்பதில்லை.

மாஸ்டர் நெடுநேரம் பேசவில்லை. அவர் எதை நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் சோனகத் தெருவை விட்டு நாங்கள் வெளியேற்றப்பட்டோம். யாழ்தேவி அந்த ஜூன் மாதமே நின்றுபோயிருந்தது. அன்று அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதைப் பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மனம் ஏற்பதில்லை. என்னிடம் இரவல் வாங்கிய நான்கு புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருந்து, 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தபோது என் கையில் தந்தவர் அவர். என் நூலகத்தில் மிஞ்சியவை அவை மட்டுமே.

மாஸ்டர் புகைப்படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

“கோட்டை நல்லா விழேல்லை நானா” என்றார்.

உண்மைதான். படம் முழுவதும் புலியே நின்றது.