கொன்றது கடலா?

ஊர் அழிந்த பிறகு ஒரு குரல் எழும்: "ஆண்டவனின் சீற்றம்! நாம் செய்த பாவம்!" கூரை இழந்தவன் அழுதுகொண்டிருப்பான், குழந்தையை இழந்தவள் கரையெல்லாம் தேடிக்கொண்டிருப்பாள், அவர்கள் முன் வந்து நின்று, பரிகாரத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்குச் சொல்வார் ஒருவர். காற்றுக்கு ஒரு தேவன், கடலுக்கு ஒரு தேவன், மழைக்கு ஒரு தேவன் என்று துறை பிரித்துக் கொடுத்துவிட்ட நாட்டில், எந்தத் துறையின் தலைவருக்குச் சினம் வந்தது என்பதே ஆராய்ச்சி! புயல் எங்கே பிறந்தது, எவ்வழி நடந்தது, எப்போது கரையேறும் என்ற கேள்விகள் எழுவதில்லை. எழுந்தால், பரிகாரத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும் அன்றோ!

இந்த மடமை நமக்கு மட்டும் உரிய தனிச்சொத்து அன்று. ஸ்பானியர் ஆண்ட கரிபியன் தீவுகளில், பெரும்புயல் ஒன்று எந்தப் புனிதரின் திருநாளில் வீசியதோ, அந்தப் புனிதரின் பெயரையே அதற்குச் சூட்டுவர். கொல்ல வந்த காற்றுக்கும் புனிதப் பெயர்! அத்தீவுகளுள் பெரியது கியூபா. புயல் வருமுன்பே அதன் வழியைக் கணித்துச் சொல்லும் கலை சிறந்து வளர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. வளர்த்தவர் யார்? நாத்திகர் அல்லர், அங்கி அணிந்த பாதிரியார்! வியப்பாக இருக்கிறதா, தோழர்களே? வரலாறு நம் விருப்பத்துக்கேற்ப நடப்பதில்லை. நடந்ததை நடந்தபடி அறிவதே பகுத்தறிவு.

* * *

பெனிட்டோ வின்யெஸ் என்பது அவர் பெயர். ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியப் பகுதியில் 1837-இல் பிறந்தவர். இயேசு சபையைச் சேர்ந்தவர். 1870-இல் ஹவானா நகரத்துப் பெலென் கல்லூரியின் வானிலை ஆய்வகத்துக்குத் தலைவராக வந்தார். செபமாலை அவரிடம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், புயற்காலத்தில் அவர் உற்று நோக்கியது காற்றழுத்தமானியை. நாள்தோறும் பலமுறை காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்று வீசும் திசை, முகில் செல்லும் போக்கு அனைத்தையும் குறித்து வைத்தார். சூறை வீசிய ஊர்களுக்கு நேரில் சென்று, அது விட்டுச் சென்ற சுவடுகளை ஆராய்ந்தார்.

புயல் என்பது நேராக ஓடிவரும் காற்றன்று, ஒரு நடுவத்தைச் சுற்றிச் சுழலும் காற்று என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்பவர், மாலுமிகளின் குறிப்பேடுகளைத் திரட்டி, வங்கக் கடற்புயல்கள் சென்ற வழிகளை வரைந்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-இல் வழங்கியவரும் அவரே. ஆனால், வழிகாட்டும் அத்தகைய படங்கள் புயல் போன பிறகு வரையப்பட்டவை. வரும் புயலை, அது கண்ணுக்கு எட்டாத தொலைவில் கடல்மேல் இருக்கும்போதே, கரையில் நின்று கண்டுகொள்வது எப்படி? அதுவே வின்யெஸ் எழுப்பிய கேள்வி.

விடை வானத்தில் இருந்தது. வேதநூல் பேசும் வானத்தில் அன்று. கண்முன் விரியும் வானத்தில்! புயலின் நடுவே மேலெழும் ஈரக்காற்று, உயரே சென்றதும் நாற்புறமும் விசிறிபோல் விரிகிறது. அதிலுள்ள ஈரம் பனித்துகளாக உறைந்து, இறகு போன்ற கீற்று முகில்களாகப் பன்னூறு கல் தொலைவு நீள்கிறது. அக்கீற்றுகள் யாவும் அடிவானத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவன போல் தோன்றினால், அத்திசையில் இருக்கிறது புயலின் நடுவம். அப்புள்ளி நேரம் செல்லச் செல்ல ஒரு பக்கமாகப் பெயர்ந்தால், புயல் நம்மை விலகிச் செல்கிறது. பெயராமல் நின்று, முகில் தடித்து, காற்றழுத்தமும் இறங்கினால், அது நம்மை நோக்கியே வருகிறது!

1875 செப்டம்பர் 11 அன்று வின்யெஸ் தந்த எச்சரிக்கை ஹவானாவில் அச்சாகி வெளிவந்தது. இரண்டு நாட்களில் கியூபாவின் தென்கரையைப் புயல் தாக்கியது. எச்சரிக்கை கேட்டு விலகியோர் பலர் உயிர் தப்பினர். 1877-இல் தம் ஆய்வுகளை நூலாக்கினார். பிறகு தீவுதோறும் பார்வையாளரை அமர்த்தி, தந்தி வழியே செய்தி திரட்டினார். 1893-இல் மறைந்தார், லொரென்சோ காங்கோய்ட்டே என்ற பாதிரியார் அப்பணியைத் தொடர்ந்தார்.

வேண்டுதலால் விலகிய புயல் ஒன்றும் இல்லை. கணிப்பால் விலகிப் பிழைத்த மனிதர் பலர் உண்டு. வின்யெஸின் நம்பிக்கை அவரோடு போயிற்று. உலகுக்கு அவர் விட்டுச் சென்றது அவருடைய குறிப்பேடு.

* * *

1898-இல் ஸ்பெயினை வென்றது அமெரிக்கா. கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சிக்குள் வந்தது. கொடி மாறியதும், அறிவுக்கும் எசமானர் மாறினர்! வாஷிங்டனில் வில்லிஸ் மூர் என்பவர் தலைமையில் இருந்த அமெரிக்க வானிலைத் துறை, கரிபியன் தீவுகளில் தன் நிலையங்களை அமைத்தது. அத்துறையினர் கியூபா அறிஞரை எப்படி மதித்தனர்? உணர்ச்சிவயப்படுவோர், வீண் பீதி கிளப்புவோர் என்று! முப்பதாண்டுக் குறிப்பேடுகள் அவர்கள் கண்ணில் படவில்லை. எழுதியவர் அடிமை நாட்டவர் என்பது மட்டும் பட்டது. 1900 ஆகஸ்டில், புயற்பருவம் உச்சத்தை நெருங்கும் வேளையில், அரசின் தந்திக் கம்பிகளில் கியூபா ஆய்வாளர்கள் புயற்செய்தி அனுப்பத் தடை விதிக்கப்பட்டது.

தடை விதித்தவர்களுக்காகப் புயல் காத்திருக்கவில்லை. அம்மாத இறுதியில் அட்லாண்டிக் நடுவே ஒரு சுழற்சி பிறந்து, தீவுகளின் வழியே மேற்கு நோக்கி நகர்ந்தது. செப்டம்பர் 3, 4 நாட்களில் கியூபாவில் பெருமழை பெய்தது. காற்று அவ்வளவாக இல்லை. முதிராத புயல்! இனி அது எங்கே செல்லும்? வலுக்குமா, மெலியுமா?

இத்தகைய புயல்கள் வடக்கே வளைந்து திரும்புவது வழக்கம். ஆகவே, இதுவும் புளோரிடா வழியே திரும்பி, அட்லாண்டிக் கரையோரம் வடக்கே போகும் என்றது வாஷிங்டன். அவ்வாறன்று, அது வலுப்பெற்று மெக்சிகோ வளைகுடாவுக்குள் சென்று, டெக்சாஸ் கரையை நாடும் என்று கருதினர் கியூபா ஆய்வாளர். வழக்கம் என்பது பல புயல்களின் சராசரி, விதி அன்று. வடக்கே உயர் காற்றழுத்தம் மதில் போல் நின்றால், புயலால் திரும்ப இயலாது. வளைகுடாவின் வெந்நீரோ அதற்கு உணவு. நடந்தது அதுவே. அவ்வளைகுடாவில் ஓடிய கப்பல்களில் அந்நாளில் கம்பியில்லாத் தந்தி இல்லை. புயலுக்குள் சிக்கிய மாலுமிகள், தாம் கண்டதைக் கரைக்குச் சொல்ல வழியில்லாமல் அலைகளோடு போராடினர்.

* * *

டெக்சாஸ் கரையை ஒட்டிய மணல்தீவு ஒன்றில் அமைந்த நகரம் கால்வெஸ்டன். பருத்தி வாணிகத்தால் கொழித்த துறைமுகம். மக்கள்தொகை ஏறத்தாழ 38,000. ஊரின் மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்பதடியைத் தாண்டவில்லை. அதே கரையிலிருந்த இண்டியனோலா என்ற துறைமுகம் 1875-இல் புயலால் சிதைந்து, 1886-இல் மறுபடி தாக்குண்டு, அழிந்தே போனது. அதைக் கண்டு அஞ்சிய சிலர், கால்வெஸ்டனுக்குக் கடல்மதில் வேண்டும் என்றனர். ஆனால், அவ்வூர் வானிலை அலுவலகத்தின் தலைவர் ஐசக் கிளைன், புயலால் அந்நகருக்குப் பெருங்கேடு வரும் என்பது வெறும் பிரமை என்று 1891-இல் நாளேட்டில் எழுதினார். மதில் எழவில்லை.

1900 செப்டம்பர் 7 அன்று புயற்கொடி ஏற்றப்பட்டது. ஆனால், வருவது எத்தகையது என்று ஊருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை, உயர்ந்தெழுந்த அலைகளை வேடிக்கை பார்க்க மக்கள் கரைக்கு வந்தனர். தெருவில் புகுந்த நீரில் குழந்தைகள் விளையாடினர். மாலையில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியையே காற்று பிடுங்கி எறிந்தது. பதினைந்தடி உயரத்துக்குக் கடல் ஊருக்குள் ஏறியது. மாண்டோர் ஆறாயிரத்துக்குக் குறையார்; எண்ணாயிரம் என்பதே பலர் கூறும் கணக்கு. கிளைனின் வீடும் இடிந்தது; அவர் மனைவி மாண்டார். கேட்டை எழுத்தில் மறுத்தவரின் இல்லத்துக்குள்ளேயே கேடு புகுந்தது.

கடற்கரையில் கன்னியர் நடத்திய அனாதை இல்லம் ஒன்று இருந்தது. பத்துக் கன்னியர், தொண்ணூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். நீர் ஏற ஏற, துணி உலர்த்தும் கயிற்றால் குழந்தைகளைத் தம் இடுப்போடு பிணைத்துக்கொண்டனர் அக்கன்னியர். கட்டடம் சரிந்தது. கன்னியர் பதின்மரும் மாண்டனர். குழந்தைகளில் தப்பியவர் மூன்று சிறுவர் மட்டுமே. அந்தக் கன்னியரின் அன்பின் முன் நாம் தலை வணங்குகிறோம். ஆனால், 'பாவத்தின் கூலி' பேசுவோரைக் கேட்கிறோம்: அந்தத் தொண்ணூறு அனாதைகள் செய்த பாவம் என்ன? அவர்களைக் காக்கத் தம்மையே கட்டிக்கொண்ட கன்னியர் செய்த பாவம் என்ன? விடை சொல்லும் வேதம் ஏதேனும் உண்டா?

பின்னர், பிணங்களைப் படகில் ஏற்றும் வேலை யாருக்கு வந்தது தெரியுமா? துப்பாக்கி முனையில் கறுப்பின மக்களுக்கு! கடல் நிறம் பார்க்காமல் கொன்றது; பிணம் சுமக்கும் வேலைக்கு மட்டும் மனிதன் நிறம் பார்த்தான். நம் நாட்டில் அதற்குப் பெயர் சாதி.

கொன்றது கடலா? கடல் வந்தது உண்மை. ஹவானாவின் தந்தி வந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று சொல்வது மிகை. ஆனால், அறிந்தவன் வாயை அடைத்தது கடல் அன்று. மதில் வேண்டாம் என்றது கடல் அன்று. 'வழக்கம்' என்பதை வேதவாக்காக்கியதும் கடல் அன்று. இங்கேதான் தோழர்களே, கூர்ந்து நோக்க வேண்டும். மூடநம்பிக்கை கோயிலில் மட்டும் குடியிருப்பதில்லை. கருவிகள் நிறைந்த அலுவலகத்திலும் நாற்காலி போட்டு அமரும். சான்றுக்குப் பணிந்த பாதிரியார் பகுத்தறிவின் பக்கம் நின்றார். பதவிக்குப் பணிந்த அறிவியலார் மடமையின் பக்கம் சாய்ந்தனர். சொல்பவர் யார் என்று பாராமல் சொன்னதன் உண்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த இலக்கணம், வாஷிங்டன் அலுவலகத்துக்கு எட்டியிருக்க வழியில்லை. நமக்கு எட்டியிருக்கிறது, கைக்கொண்டோமா?

* * *

கால்வெஸ்டன் பாடம் கற்றது. 1902 முதல் 1904 வரை பதினேழடி உயரக் கடல்மதில் எழுப்பியது. மணல் கொட்டி ஊரையே உயர்த்தியது. 1915-இல் மறுபடி ஒரு பெரும்புயல் வந்தபோது, மதிலுக்குள் இருந்த நகரில் மாண்டோர் மிகச் சிலர். கடவுளின் மனம் மாறிற்றா? மனிதன் கட்டிய சுவர் நின்றது.

நம் வங்கக் கடலும் இதே பாடத்தை எழுதிக் காட்டியது. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலைச் செயற்கைக்கோள் வானிலிருந்து படம் பிடித்தது. ஆயினும், கழிமுகத் தீவுகளின் ஏழை உழவருக்குத் தகுந்த எச்சரிக்கை சேரவில்லை. மாண்டோர் மூன்று இலட்சம் அல்லது அதற்கும் மேல். 1999 அக்டோபரில் ஒடிசாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். அதே ஒடிசாக் கரைக்கு 2013 அக்டோபரில் 'பைலின்' புயல் வந்தபோது, கணிப்பை நம்பிப் பத்து இலட்சத்தை ஒட்டிய மக்களை அரசு முன்னரே அப்புறப்படுத்தியது. உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கடல் அதே கடல். மாறியது, அறிவு குடிசைக்குச் சென்று சேர்ந்த வழி!

இன்று புயலின் வழியை வரைபவர் ஒற்றைக் கோட்டோடு நிறுத்துவதில்லை. நாள் செல்லச் செல்ல விரியும் கூம்பு ஒன்றையும் வரைகிறார். "இந்த அளவுக்கு நான் தவறக்கூடும்" என்று தானே முன்வந்து ஒப்புக்கொள்ளும் நேர்மை அது. ஆண்டு முழுவதற்கும் மழைப்பலன் அச்சிடும் பஞ்சாங்கத்தில் அத்தகைய கூம்பு ஒன்றை எவரேனும் கண்டதுண்டா?

இளைஞர்களே! அடுத்த புயல் வரும், வராமல் இராது. அன்று மீனவர் குப்பத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது பரிகாரப் பட்டியலா, வானிலை எச்சரிக்கையா? விடை உங்கள் கால்களில் இருக்கிறது. நடந்து செல்லுங்கள், செய்தியைச் சேருங்கள். அங்கே, கடலில் முதிர்ந்த கிழவர் ஒருவர் வானத்தைக் காட்டி ஏதேனும் சொன்னால், அதையும் நின்று கேளுங்கள். கியூபாவின் சொல்லைக் கேட்க மறுத்ததற்குக் கால்வெஸ்டன் கொடுத்த விலையை நாம் கொடுக்க வேண்டாம்.